உங்கள் போன் உங்களைக் கேள்வி கேட்டதா?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே போனை என் மேசைமேல் வைத்துவிட்டார். “ஏஐ-கிட்ட கேட்டுட்டேன் சார். சர்க்கரைக்குப் போடுற மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துடுமாம். அதான் நாலு மாசமா நிறுத்திட்டேன்.”

மளிகைக் கடை வைத்திருப்பவர், வயது 54. இதைச் சொல்ல வரவில்லை. புதுச் செருப்பு கடித்துக் கால் விரலில் வந்த புண் மூன்று வாரமாக ஆறவில்லை, அதற்காக வந்திருந்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 286. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி முன்பு 7.1, இப்போது 10.8. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1. எந்தக் கிட்னிக்காக மாத்திரையை நிறுத்தினாரோ, அது நன்றாகத்தான் இருந்தது.

போனை வாங்கிப் பார்த்தேன். “மெட்ஃபார்மின் கிட்னியை எப்படிக் கெடுக்கிறது?” என்று கேட்டிருந்தார். கெடுக்குமா என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்டிருக்கிறார். சுத்தமான தமிழில் ஆறு பத்தி பதில். கடைசியில் ‘மருத்துவரை அணுகவும்’ என்று ஒரு வரி. சிகரெட் பெட்டி எச்சரிக்கையைப் போல அதைத் தாண்டிப் போயிருக்கிறார். நான் அதே போனில் “மெட்ஃபார்மின் கிட்னிக்கு எப்படி நல்லது?” என்று தட்டினேன். அதற்கும் ஆறு பத்தி, அதே பணிவோடு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “என்ன சார் இது” என்றார்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது! கிட்னி வேறு காரணத்தால் பலவீனமாகிவிட்டால், சிறுநீரில் வெளியேற வேண்டிய மெட்ஃபார்மின் உடம்பிலேயே தங்கத் தொடங்கும். அதனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ-ஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்கிறோம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுகிறோம். கிட்னி கெட்டவருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள் என்ற செய்தி, மாத்திரையால்தான் கிட்னி கெட்டது என்று ஊர் வாயில் புரண்டுவிட்டது. குடை விரித்ததால்தான் மழை வந்தது என்பதுபோல. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். அப்புறம், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. அதைப் பற்றி யாரும் ஏஐ-யிடம் கேட்பதாகத் தெரியவில்லை.

இந்தப் புரளி ஏஐ வருவதற்கு முன்பே டீக்கடையில் இருந்தது. ஆனால் டீக்கடைக்காரர் சொன்னதை மக்கள் பாதிதான் நம்பினார்கள். போன் டாக்டர் மாதிரியே பேசுகிறது. டாக்டர் மாதிரி கேள்வி கேட்பதில்லை. என் முன்னால் உட்கார்ந்தால் கடைசியாக கிரியேட்டினின் எப்போது பார்த்தீர்கள், வேறு என்ன மாத்திரை, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று நச்சரிப்பேன். சில செயலிகள் இப்போது ஒன்றிரண்டு கேட்கின்றன, சரி. ஆனால் நீங்கள் சொல்ல மறந்தது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர் உப்பிலுள்ள குளோரைடைத் தவிர்க்க நினைத்து, சாட்ஜிபிடியைக் கேட்டுவிட்டு, மூன்று மாதம் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடு என்ற ரசாயனத்தைச் சாப்பிட்டிருக்கிறார். அது நஞ்சாகி மனம் குழம்பி, பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். 2025-ல் வெளியான அறிக்கை இது. மருத்துவர்களும் குளோரைடுக்கு மாற்று என்ன என்று அதனிடம் கேட்டுப் பார்த்தார்கள்; பதிலில் புரோமைடு இருந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அது கேட்கவில்லை.

ஏஐ-யே வேண்டாம் என்கிறேனா? இல்லை. விழித்திரைப் படத்தைப் பார்த்து சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று சொல்லும் ஏஐ பற்றி கூகுள் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் படங்கள் தந்தவற்றுள் அரவிந்த் கண் மருத்துவமனையும் ஒன்று. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய் அறிகுறியைக் கணினியே தேடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. ஒரே வேலைக்குப் பழக்கி, சோதித்துப் பார்த்த கருவிகள் அவை. எல்லாம் தெரிந்த சாட்பாட் வேறு ஜாதி. அதையும் நான் பயன்படுத்துகிறேன், கடிதம் எழுத. நம் கையெழுத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஆகவே, ஓடும் மாத்திரையை அதன் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள், அளவையும் மாற்றாதீர்கள். மாத்திரை அட்டையைப் படமெடுத்துக் கேட்டால், பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் அது சரியாகப் படித்ததா என்று பாருங்கள். ‘எம்’ என்றிருந்தால் பெரும்பாலும் மெட்ஃபார்மினும் அதற்குள் இருக்கிறது. ரிப்போர்ட்டைப் போடுவதற்கு முன் பெயரையும் போன் நம்பரையும் மறையுங்கள். நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, இதற்கெல்லாம் தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்களா? 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து வந்து சொல்லுங்கள். திட்டமாட்டேன். கொஞ்சம்தான் திட்டுவேன்.

மளிகைக் கடைக்காரர் போன வாரம் மறுபடி வந்தார். விரல் ஆறிக்கொண்டிருக்கிறது. மறுபடியும் போனை எடுத்தார், எனக்குப் பகீரென்றது. “டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு கேட்டேன் சார், நாலு கேள்வி கொடுத்திருக்கு.” மூன்றுக்குச் சுலபமாகப் பதில் சொன்னேன். நான்காவது: “பல வருஷமா மெட்ஃபார்மின் போட்டா வைட்டமின் பி12 குறையுமாமே, எனக்குப் பார்த்தீங்களா?”

பார்த்திருக்கவில்லை. அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன்.