ஃப்ரீபோர்டுன்னா என்ன? தமிழ்ல "காப்புயரம்"னு சொல்லிப் பாருங்க

மனை வாங்குறவங்க, புதுசா கட்டின வீட்டைப் பாக்கப் போறவங்க எல்லாரும் தவறாம கேக்குற கேள்வி, "ரோட்டுல இருந்து எத்தனை அடி ஏத்திருக்கீங்க?" கேக்க வேண்டியதுதான், ஆனா அளக்க ஆரம்பிக்குற இடம் தப்பு. மழை வெள்ளத்துல ரோடே ரெண்டு அடி முங்குற இடம்னா, ரோட்டுல இருந்து மூணு அடி ஏத்தின வீட்டுக்கு உண்மையில கையில இருக்குறது ஒரே ஒரு அடி. அந்த ஒரு அடிக்குத்தான் இன்ஜினியருங்க ஃப்ரீபோர்டுன்னு சொல்றாங்க.

அதாவது, இவ்வளவு தூரம் தண்ணி ஏறும்னு கணக்குப் போட்டு வச்ச வெள்ளமட்டம் இருக்குல்ல, அதுக்கும் மேல வேணும்னே விடுற உயரம். அணை, ஏரிக்கரை, கால்வாய் எல்லாத்துக்கும் இதே சொல்தான், வீட்டுக்கு வந்தது பின்னாடி.

இந்த சொல் கப்பல்ல இருந்து வந்தது. போர்டுன்னா நமக்கு உடனே பலகைதான் ஞாபகம் வரும், ஆனா பழைய ஆங்கிலத்துல அதுக்கு கப்பலோட பக்கச்சுவர்னும் ஒரு அர்த்தம் உண்டு. ஸ்டார்போர்டு, ஓவர்போர்டு எல்லாத்துலயும் ஒட்டிக்கிட்டு இருக்குறது அந்த அர்த்தம்தான். கப்பல் மிதக்கும்போது அந்த சுவர்ல தண்ணி தொடாம மேல தெரியுற பாகம் ஃப்ரீபோர்டு. இதை அப்படியே "கட்டற்ற பலகை"ன்னு மொழிபெயர்த்தா படிக்குறவங்களுக்கு ஒண்ணுமே புரியாது. பழைய இங்கிலாந்து சட்டத்துல இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்திருக்கு, வேலிக்கு வெளிய உரிமையோட விட்டு வச்சிருக்குற நிலத்துண்டு. ரெண்டுமே எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டு வைக்குற சமாச்சாரம்ங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

கப்பல் கதையில ஒரு விஷயம் வீடு வாங்குற எல்லாருக்கும் தெரியணும். 19-ஆம் நூற்றாண்டுல கப்பல் முதலாளிங்க சரக்கை அளவில்லாம ஏத்தி, கப்பல் மூழ்கி, மாலுமிங்க செத்துக்கிட்டே இருந்தாங்க. சாமுவேல் பிளிம்சால்னு ஒரு பிரிட்டிஷ் எம்.பி. இதுக்காக வருஷக்கணக்கா போராடி, 1876-ல சட்டம் வந்துச்சு, ஒவ்வொரு கப்பல்லயும் இதுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு ஒரு கோடு போட்டாகணும். ஆனா கோட்டை எங்க போடணும்ங்கறதை முதலாளி கிட்டயே விட்டுட்டாங்க! அந்த ஓட்டையை அடைக்க 1890 வரைக்கும் ஆச்சு. "மூணு அடி ஏத்திருக்கோம்"னு சொல்லிட்டு எதுல இருந்துன்னு சொல்லாம விடுறதும் இதே ஓட்டைதான்.

சரி, வெள்ளமட்டம் வரைக்கும் தரையை ஏத்தினா போதாதா, எதுக்கு அதுக்கு மேலயும்? தண்ணி அசையாம நிக்குறதில்ல, அதான். வாசப்படிக்கு ஒரு விரக்கடை கீழ தண்ணி நிக்குது, வீட்டுக்குள்ள எல்லாரும் அப்பாடான்னு உக்காந்திருக்காங்க, அப்ப தெருவுல ஒரு லாரி மெதுவா போகுது, அது தள்ளி விடுற அலை படியைத் தாண்டி நேரா ஹாலுக்குள்ள வந்துடும். தண்ணி உள்ள வரலைன்னாலும் செங்கல் சுவர் கீழ இருந்து ஈரத்தை உறிஞ்சி மேல ஏத்தும். இதுபோக கல்வெர்ட்ல, அதாவது ரோட்டுக்கு அடியில தண்ணி போற சின்னப் பாலத்துல, குப்பையும் மரக்கிளையும் அடைச்சுக்கிட்டா மேல்பக்கம் மட்டம் கணக்கை மீறி ஏறும். அதோட நாம கணக்குப் போடுறது இன்னைக்கு இருக்குற நிலத்துக்கு, நாளைக்கு மேட்டுப் பக்கம் இன்னும் நாலு லேஅவுட் வந்து மண்ணெல்லாம் கான்கிரீட் ஆயிடுச்சுன்னா அதே மழைக்கு அதிக தண்ணி, அதுவும் வேகமா வரும்.

அந்த வெள்ளமட்டத்தைக் கணக்குப் போட பல இடங்கள்ல எடுத்துக்குற "நூறு வருஷ வெள்ளம்"ங்கற பேர் வேற ஆளைக் குழப்பிடும். நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்னு அர்த்தமில்ல, எந்த ஒரு வருஷத்துலயும் வர 1 சதவீத வாய்ப்புன்னு அர்த்தம். 30 வருஷம் ஒரு வீட்டுல இருந்தா, அதுல ஒரு தடவையாவது வர்ற வாய்ப்பு 26 சதவீதம், கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு. அமெரிக்காவுல தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இந்த மட்டத்தைத்தான் அடிப்படையா வைக்குது. புது வீட்டுத் தரை குறைஞ்சபட்சம் அந்த மட்டத்துலயாவது இருக்கணும், அதுக்கு மேல ஒரு அடி, ரெண்டு அடின்னு ஃப்ரீபோர்டு கேக்குறது பல மாநிலங்களும் ஊர்களும் தாங்களா சேத்துக்கிட்ட விதி.

ஒண்ணு கவனிக்கணும், உயரம் வேணும்னு மொத்த மனையிலயும் மண்ணைக் கொட்டி மேடாக்கினா, அங்க தேங்க வேண்டிய தண்ணி பக்கத்து வீட்டுக்குப் போகும். தூண் மேல ஏத்திக் கட்டி அடியில தண்ணி போக வழி விடலாம், இல்ல மண் அடைச்ச அளவுக்கு வேற இடத்துல பள்ளம் எடுத்துத் தரலாம்.

இப்ப தமிழ்ச் சொல். "கூடுதல் உயரம்"னா எதுக்குக் கூடுதல்னு தெரியல. "மிகை உயரம்"னா தேவையில்லாததுன்னு ஒரு தொனி வந்துடுது, செலவைக் குறைக்கணும்னா முதல்ல வெட்டுறது அதைத்தான். டச்சுக்காரங்க இதை "வாக்ஹோக்தெ"ன்னு சொல்றாங்க, முழிச்சிருந்து காக்குற உயரம்னு வச்சுக்கலாம். கடலை அணை கட்டித் தடுத்து வாழ்றவங்க வச்ச பேராச்சே. நம்ம கிட்ட "கா"ங்கற வேர் இருக்கு, காவல், காப்பு, காப்பீடு எல்லாம் அதுல கிளைச்சதுதான். பாட்டு நல்லபடியா முடியணும்னு முதல்ல பாடுறது காப்புச் செய்யுள், அதே மாதிரி வீட்டுக்கு முன்கூட்டியே விட்டு வைக்குற உயரத்துக்கு "காப்புயரம்" பொருத்தமா இருக்கும்னு நினைக்குறேன். காப்பு + உயரம், சேரும்போது காப்புயரம்.

அடுத்த தடவை பிளானைப் பாக்கும்போது இப்படிக் கேளுங்க: "இந்த இடத்துக்கு வெள்ளமட்டம் எவ்ளோன்னு எடுத்திருக்கீங்க, அது எத்தனை வருஷக் கணக்கு, அதுக்கு மேல காப்புயரம் எவ்ளோ விட்டிருக்கீங்க?"