சேஸ்ஹௌப்ட்: ஏரியின் தலை

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக்கிற்குத் தென்மேற்கே ஸ்டார்ன்பெர்க் ஏரி இருக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளம். அதன் தென்கோடியில் இருக்கும் சிற்றூர்தான் சேஸ்ஹௌப்ட். பெயருக்கு ‘ஏரியின் தலை’ என்று பொருள். வரைபடத்தை விரித்தால் ஊர் ஏரியின் காலடியில் கிடக்கிறது. அப்புறம் எப்படித் தலை?

முதலில் உச்சரிப்பு. ஜெர்மனில் Seeshaupt என்று எழுதுவார்கள். ஆங்கிலம் படித்த கண் நடுவில் உள்ள s, h இரண்டையும் சேர்த்து ‘சீஷாப்ட்’ என்று வாசித்துவிடும். சொல்லை ‘சேஸ்’, ‘ஹௌப்ட்’ என்று பிரிக்க வேண்டும். சே என்றால் ஏரி. அதன்பின் வரும் ‘ஸ்’ நம் ‘இன்’ உருபு போன்றது, ஏரியின்.

இந்தச் ‘சே’ கொஞ்சம் வேடிக்கையான சொல். ஜெர்மனில் ஆண்பாலாக வந்தால் ஏரி, பெண்பாலாக வந்தால் கடல். போடன்சே ஏரி, நோர்ட்சே வடகடல். எழுத்தில் வேறுபாடே கிடையாது. நாமும் இதில் பெரிய கறார் பேர்வழிகள் அல்ல. தஞ்சாவூர் மாரியம்மன் கோவில் பக்கம் உள்ள ஏரிக்குச் ‘சமுத்திரம் ஏரி’ என்றுதானே பெயர்?

ஹௌப்ட் என்றால் தலை. லத்தீனின் ‘கபுட்’, ஆங்கிலத்தின் ‘ஹெட்’ ஆகியவற்றுக்குச் சொந்தக்காரச் சொல். இன்றைய ஜெர்மானியர் தலைவலி வந்தால் ‘கோஃப்’ என்ற வேறு சொல்லைத்தான் சொல்வார்கள். ஹௌப்ட் நம் ‘சிரம்’ மாதிரி மேடைக்கும் கவிதைக்கும் ஒதுங்கிவிட்டது. ஆனால் கூட்டுச்சொற்களில் நன்றாக வாழ்கிறது. ஹௌப்ட்ஷ்டாட் என்பது சொல்லுக்குச் சொல் நம் தலைநகர்.

சரி, தென்கோடி ஏன் தலையானது? விடை தண்ணீரில் இருக்கிறது. பனியுகப் பனியாறு குடைந்த பள்ளம் இந்த ஏரி. ஆழமான இடத்தில் சுமார் 127 மீட்டர். பெரிய ஆறு எதுவும் இதில் வந்து விழவில்லை. தெற்கே ஓஸ்டர்சேன் என்ற சிற்றேரிக் கூட்டத்தின் நீர் சேஸ்ஹௌப்ட் பக்கமாக உள்ளே வருகிறது. வடக்கே ஸ்டார்ன்பெர்க்கில் வூர்ம் ஆறாக வெளியேறுகிறது. தண்ணீர் வரும் பக்கம் தலை. தலைமடை, கடைமடை என்று பேசிப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காவிரி பிறக்கும் இடம் தலைக்காவேரி ஆனதும் இதே கணக்குதான். வடக்கை மேலே வைத்து வரைபடம் போடும் வழக்கம்தான் நம் கண்ணைக் குழப்புகிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எந்த ஏரியின் தலை என்று ஊர்ப்பெயர் சொல்லவில்லை. ஏரிக்கரை ஊர்க்காரருக்கு ‘ஏரி’ என்றால் ஒன்றுதானே! இது நல்லதாகவும் போயிற்று. அந்த வூர்ம் ஆற்றை வைத்து ஏரிக்கு வூர்ம்சே என்றுதான் முன்பு பெயர். 1854இல் மியூனிக்கிலிருந்து ஸ்டார்ன்பெர்க்கிற்கு ரயில் வந்தது. சுற்றுலாக்காரர்கள் இறங்கும் ஊரின் பெயரே ஏரிக்கும் பழகிப்போய், 1962இல் அதிகாரப்பூர்வமாகவும் மாறியது. ஊரின் பெயரில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. வூர்ம் என்ற பெயர் இப்போது ஆற்றோடும், ஆல்ப்ஸ் பகுதியின் கடைசிப் பனியுகத்துக்குப் புவியியலாளர் வைத்த பெயரோடும் நிற்கிறது.

தலையில் இருப்பதால் ஊருக்கு வந்த கதை ஒன்று உண்டு. 1886 ஜூன் 12. மனநலம் குன்றியவர் என்று அறிவிக்கப்பட்ட பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக்கை நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையிலிருந்து பெர்க் மாளிகைக்குக் கொண்டுபோகிறார்கள். தென்மேற்கிலிருந்து வரும் வண்டி கிழக்குக் கரையில் உள்ள பெர்க்கை அடைய ஏரியின் தலையைச் சுற்றித்தான் போக வேண்டும். சேஸ்ஹௌப்ட் அஞ்சல் விடுதியில் குதிரை மாற்றினார்கள். மன்னர் தண்ணீர் கேட்டார். விடுதிக்காரி அன்னா ஃபோகல் ஒரு கோப்பையில் கொடுத்தார். மறுநாள் மாலை பெர்க் கரையோரம் அதே ஏரியில் மன்னரும், அவருடைய மருத்துவர் குட்டனும் பிணமாகக் கிடந்தார்கள். எப்படி இறந்தார்கள் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை.

1865இல் டுட்சிங்கிலிருந்து பென்ஸ்பெர்க் போகும் ரயில்பாதை இவ்வூர் வழியே திறக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 30 அன்று வதைமுகாம் கைதிகளை ஏற்றி வந்த ரயில் ஒன்றை அமெரிக்கப் படையினர் இங்கேதான் விடுவித்தார்கள். ஊரில் அதற்கு நினைவுச்சின்னம் உண்டு.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஏரிமுனை’ என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். முனை இரண்டு பக்கமும் இருக்கும். தலை ஒரு பக்கம்தான். சே என்பதற்குப் பொய்கை பொருந்துமா என்றும் யோசித்தேன். ‘மானிடர் ஆக்காத நீர்நிலை’ என்று பழைய உரை பொய்கையை விளக்குகிறது. ஏரி என்றால் நம் மனதில் வருவது கரை கட்டித் தேக்கியது. அந்தக் கணக்கில் பொய்கைதான் சரி. ஆனால் பொய்கை என்றதும் தாமரை பூத்த சிறு குளம் கண்முன் வருகிறதே, பயணக் கப்பல் ஓடும் நீர்ப்பரப்பு வரவில்லையே! பொருள் சொல்லும்போது ஏரித்தலை; ஊரைக் குறிக்கும்போது சேஸ்ஹௌப்ட் என்றே எழுதலாம்.