பசித்த குழந்தைக்கு ஏன் இவ்வளவு கொஞ்சமாகப் பால் தருகிறார்கள்?

எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையை வார்டில் சேர்த்தாயிற்று. இனி வயிறு நிறையக் கொடுப்பார்கள் என்று பார்த்தால், சின்ன டம்ளரில் கொஞ்சம் பால்தான் வருகிறது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அளவு. அம்மாவுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த அளவு யாரோ கஞ்சத்தனமாக வைத்தது அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுத்து, 2013இலும் 2023இலும் திருத்திய சிகிச்சை விதிமுறையில் வரும் அளவு அது.

யாருக்கு இது பொருந்தும்? 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு மேல்கைச் சுற்றளவு 115 மி.மீ.க்குக் கீழே இருந்தாலோ, உயரத்துக்கு ஏற்ற எடை மிக மிகக் குறைவாக இருந்தாலோ, இரண்டு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலோ அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. இவர்களில் நன்றாகச் சாப்பிடும், வேறு சிக்கல் இல்லாத குழந்தைக்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம். பசியே எடுக்காத குழந்தை, காய்ச்சலோ கடும் வயிற்றுப்போக்கோ உள்ள குழந்தை, வீக்கம் அதிகமான குழந்தை ஆகியோருக்குத்தான் மருத்துவமனை.

சரி, ஏன் கொஞ்சமாக? நீண்ட நாள் பட்டினியில் உடல் எல்லா வேலையையும் மெதுவாக்கிக்கொள்கிறது. செல்களுக்குள் பொட்டாசியத்தை இழுத்து, சோடியத்தை வெளியே தள்ளும் வேலையும் மந்தமாகிவிடும். பொட்டாசியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் உடலில் வற்றிப்போகும், சோடியமோ தேங்கும். இங்கே ரத்தப் பரிசோதனை ஏமாற்றும்: ரத்தத்தில் சோடியம் குறைவாகத் தெரியும், உடலிலோ மிச்சமாக இருக்கும். அதனால்தான் உணவில் உப்பு சேர்ப்பதில்லை. வீக்கம் வடிய, சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கூடாது.

இந்த நிலையில் திடீரென்று நிறைய உணவு போனால் இன்சுலின் ஏறும். சர்க்கரையோடு சேர்த்து பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை சடாரென்று விழும். பாஸ்பேட் விழுந்தால் தசை தளரும், மூச்சு திணறும். பொட்டாசியம் விழுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பட்டினியில் தாக்குப்பிடித்த குழந்தை, சாப்பிட ஆரம்பித்த முதல் வாரத்தில் சாகக்கூடும் என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே முதல் கட்டத்தில் எஃப்-75 என்ற பால். 100 மி.லி.யில் 75 கலோரி, புரதம் 0.9 கிராம்தான். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 130 மி.லி.; வீக்கம் மிக அதிகமென்றால் 100. ஆறு கிலோ குழந்தைக்கு 780 மி.லி., அதாவது 12 வேளைக்கு வேளைக்கு 65 மி.லி. அம்மா பார்த்து மலைக்கும் அந்தச் சின்ன டம்ளர் இதுதான். கிலோவுக்கு நாளொன்றுக்குப் பொட்டாசியம் 3 முதல் 4 மில்லிமோலும் (தாதுக்களை அளக்கும் அலகு) மெக்னீசியம் 0.4 முதல் 0.6 மில்லிமோலும் தேவை. பாக்கெட்டில் வரும் எஃப்-75இல் இந்தத் தாதுக்கள் ஏற்கெனவே கலந்திருக்கும். மேலே எதுவும் சேர்க்க வேண்டாம். மெக்னீசியம் இல்லாமல் பொட்டாசியத்தை மட்டும் கொடுத்தால் அது உடலில் நிற்பதில்லை, அதனால் இரண்டும் ஜோடியாகவே வரும்.

வயிற்றுப்போக்குக்கும் தனிக் கரைசல் உண்டு. சாதாரண ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) ஒரு லிட்டரில் சோடியம் 75 மில்லிமோல், பொட்டாசியம் 20. இந்தக் குழந்தைகளுக்கான ரெசோமாலில் சோடியம் 45, பொட்டாசியம் 40. காலரா என்றால் மட்டும் சாதாரண ஓ.ஆர்.எஸ்.தான். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று உறவினர்கள் கேட்பது வழக்கம். அதிர்ச்சி நிலை (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைவது) இல்லாத குழந்தைக்கு டிரிப் கூடாது. பலவீனமான இதயம் அந்த நீரைத் தாங்காது. இரும்புச்சத்து மருந்தும் உடனே கிடையாது. பசி திரும்பி எடை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

பசி வந்து வீக்கம் குறைந்ததும் அடுத்த கட்டம். இரண்டு நாளுக்கு அதே அளவில் எஃப்-100 என்ற இன்னும் சத்தான பால், அப்புறம் வேளைக்கு 10 மி.லி. வீதம் கூட்டுவார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 25ம் மூச்சு 5ம் ஒருசேரக் கூடினால் அளவைக் குறைப்பார்கள்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இரவு வேளைகளை. தூக்கத்தில் தவறுவது அவைதான். இடைவெளி நீண்டால் ரத்தச் சர்க்கரை விழும். இரண்டு மணிப் பால் வரவில்லை என்றால் எழுந்து போய்க் கேளுங்கள். குழந்தை புதிதாகத் துவண்டாலோ, மூச்சு வேகமானாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். பையில் இருக்கும் பிஸ்கட்டை மட்டும் எடுக்காதீர்கள்.