அசிடோசிஸ்: புளிப்பிலிருந்து மூச்சுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ‘ஆசிட்’ என்றால் கழிவறை கழுவச் சைக்கிளில் வரும் பாட்டில். எதிர்வீட்டு அம்மாவின் பரிசோதனைத் தாளில் ‘அசிடோசிஸ்’ என்று பார்த்த அவர் மகன், “ரத்தத்தில் ஆசிட் கலந்துவிட்டதா அண்ணா?” என்று பதறினான்.

லத்தீன் ‘அசிடஸ்’ என்றால் புளித்தது. ‘ஓசிஸ்’ ஒரு நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதி. ‘அமிலம்’ வடமொழி ‘அம்ல’த்திலிருந்து வந்தது, அதற்கும் புளிப்பு என்றே பொருள். தமிழில் ‘காடி’ இருக்கிறது. புளித்த கஞ்சிக்கும் வினிகருக்கும் அதே பெயர். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழின் புளிப்பும் அமிலம்தான்.

புளிப்பை அளக்கும் பிஎச் என்ற அளவை 1909இல் கோபன்ஹேகனில் சோரன்சன் வகுத்தார், அதுவும் ஒரு பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில். இதில் 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தமனி ரத்தத்தின் இயல்பு 7.35 முதல் 7.45 வரை. 7.3க்கு இறங்கினாலே அசிடோசிஸ். அப்போதும் ரத்தம் காரப் பக்கத்தில்தான் நிற்கிறது! ஆகவே ‘ரத்தம் அமிலமாதல்’ என்று பெயர்த்தால் பிழை. ‘அமிலமிகை’ ஓரளவு பொருந்தும். நான் ‘அமிலச்சாய்வு’ என்பேன். எதிர்ப்பக்கம் ‘காரச்சாய்வு’. இந்தக் காரம் மிளகாயுடையது அல்ல, சவுக்காரத்தினுடையது.

மூச்சுக்கு இதில் என்ன வேலை? கோலி சோடாவை நினையுங்கள். கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாவதால்தான் அந்தச் சுருக்கென்ற சுவை. திறந்து வைத்தால் வாயு போய்விடும், சுவையும் போய்விடும். ரத்தத்திலும் இதே கணக்கு. கரியமில வாயு கூடினால் மூளைத்தண்டு உணர்ந்து மூச்சை வேகப்படுத்துகிறது; சில நிமிடங்களில் சாய்வு குறையத் தொடங்கும். சிறுநீரகம் அதே வேலையை முடிக்க நாள்கணக்காகும். வியாசர்பாடி மைதானத்தில் பந்தின் பின்னால் ஓடி நின்ற பையனுக்கு ‘மூச்சு வாங்குகிறது’ என்கிறோம். ஆனால் அமிலம் இறங்குவது வாங்குவதில் அல்ல, விடுவதில். சுவாசிப்பதையே ‘மூச்சு விடுதல்’ என்று சொல்லும் மொழி நம்முடையது.

நுரையீரலால் வாயுவை வெளியேற்ற முடியாமல் வருவது மூச்சுவழி அமிலச்சாய்வு. கட்டுமீறிய சர்க்கரை நோயில், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் சேர்ந்து வருவது வேறு; அங்கே நுரையீரல் குற்றவாளி அல்ல, காவலாளி. ஆழமாக, ஓயாமல் இழுத்து விடும் அந்த மூச்சை 1874இல் விவரித்த ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் பெயரிலேயே இன்றும் அழைக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு வந்தது அதுதான். வீட்டில் ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.