பயந்தால் விசுவாசம் இல்லையா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகும் ஓர் அம்மா பின்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். கணவர் இறந்து எட்டு மாதம். இரவில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "ஐயா, எனக்குள்ள பயத்தின் ஆவி இருக்குதாம். ஜெபக்கூட்டத்துல சொன்னாங்க. விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு கேட்டாங்க, நிறுத்திட்டேன்" என்றார். இந்த ஒரு வருடத்தில் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். இனிமேலும் பிரசங்கத்தில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்று எழுதுகிறேன்.

அவர்மேல் எறியப்பட்ட வசனம் 2 தீமோத்தேயு 1:7. "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார்." வசனத்தைச் சொன்னவர்கள் மூன்று வசனம் மேலே போய்ப் பார்த்தார்களா? நான்காம் வசனத்தில் பவுல், "உன் கண்ணீரை" நினைக்கிறேன் என்கிறார். அழுதுகொண்டிருந்த தீமோத்தேயு என்ற ஆவிக்குரிய பிள்ளைக்கு, சிறையில் இருந்த பவுல் தகப்பனைப்போல எழுதிய கடிதம் இது. பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவூட்டி, உன்னிடம் உண்மையான விசுவாசம் உண்டு என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த வார்த்தைக்கு வருகிறார். அடுத்த வசனம், கிறிஸ்துவைப் பற்றிய சாட்சியைக் குறித்தும், சிறையில் கட்டப்பட்டிருக்கிற என்னைக் குறித்தும் வெட்கப்படாதே என்பது. மூலமொழியில் அங்கே உள்ள 'தெய்லியா' என்ற கிரேக்கச் சொல், கடமையிலிருந்து பின்வாங்கும் கோழைத்தனத்தைக் குறிப்பது. துணையை இழந்தவர் இரவில் விழித்துக்கொண்டு நடுங்குவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

பயமே இல்லாதவன்தான் விசுவாசி என்று வேதம் எங்கே சொல்கிறது? "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே வாயில். யோசுவா முதல் அதிகாரத்தில் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று ஆண்டவர் மூன்று முறை சொல்கிறார், கடைசியில் ஜனங்களும் ஒரு முறை சொல்கிறார்கள். கலங்காதவனுக்கு எதற்கு நான்கு முறை? பவுலே, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும்" இருந்ததாக 2 கொரிந்தியர் 7இல் எழுதுகிறார். அப்போது தேவன் அவருக்கு எப்படி ஆறுதல் செய்தார்? தீத்து என்ற ஒரு மனிதனை அனுப்பி. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவர் இயேசு திகிலடைந்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அவருக்கும் விசுவாசம் குறைவு என்போமா?

மாத்திரை விஷயம். எசேக்கியா ராஜா சாகும் நிலையில் அழுது ஜெபித்தான், ஆண்டவர் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதே அதிகாரத்தில் (ஏசாயா 38) ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து அவனுடைய பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், போடச் சொல்கிறார். ஜெபமும் மருந்தும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. யார் சொன்னாலும், நானே சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

புதுவருஷத்தில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது அந்த வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டையை, வீட்டில் ஒட்டி வையுங்கள், நல்லதுதான். ஆனால் அதோடு நிற்காமல், அந்த வசனம் இருக்கிற அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். உங்களுக்கு நன்மையையே நினைத்திருக்கிறேன் என்று ஆண்டவர் சொல்லும் எரேமியா 29:11 உங்கள் அட்டையில் வந்திருந்தால், அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோன் சிறையிருப்பின் எழுபது வருஷம் இருக்கிறது. காத்திருப்பு நீளும்போது மனம் உடையாமல் இருக்க அந்த முந்தின வசனம்தான் கைகொடுக்கும். வாசிக்க முடியாத அளவுக்குச் சோர்வா? ஒரே ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. அதுவும் முடியவில்லை என்றால் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அதை மறைக்காதீர்கள். உடனே வீட்டாரிடம் சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

ஜெபக்குழு நடத்துகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் அவன் விசுவாசத்தை விசாரிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டான், தூங்கினான். மறுபடியும் எழுப்பி, பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்றான் தூதன். ஓரேப் மலையில் ஆண்டவர் அவனோடு பேசியது அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான்.

அந்த அம்மா மறுநாளே மருத்துவரைப் பார்த்தார். இந்த வாரம் சபையிலிருந்து இரண்டு பெண்கள் இரவில் அவர் வீட்டில் தங்குகிறார்கள். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். போகும்போது 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் போங்கள், விடிவே வராமல் முடிகிற சங்கீதம் அது. பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அப்புறம், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.