இரண்டு கட்டளைகளோடு காத்திருக்கும் மரபணு

உப்புவெளியில் உயர்தர உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "எல்லாக் கலங்களிலும் ஒரே டி.என்.ஏ. என்றால் தோல் கலம் ஏன் மூளைக் கலமாக மாறுவதில்லை? முளைய மூலக்கலம் மட்டும் எப்படி எதுவாகவும் மாறுகிறது?"

முதல் பாதிக்கு விடை சுலபம். ஒரு கலத்திலுள்ள டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர். றீலில் தங்கூசி சுற்றுவது போல அது ஹிஸ்டோன் புரதங்களில் சுற்றியிருக்கிறது; எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு கட்டைச் சுற்றி டி.என்.ஏ.யின் ஏறத்தாழ 147 கார இணைகள், அதாவது அதன் ஏணிப்படிகள். டி.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த இந்த அமைப்புத்தான் குரோமற்றின். இறுகிய இடத்திலுள்ள மரபணுவைக் கலத்தால் வாசிக்க முடியாது. தோல் கலத்தில் மூளைக்கான மரபணுக்கள் அழியவில்லை, அடைபட்டுக் கிடக்கின்றன.

இரண்டாம் பாதிதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஹிஸ்டோன்களுக்கு வெளியே நீண்ட வால்கள் உண்டு. எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 4ஆவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்கள் மூன்று குறியாக ஏறினால், பொதுவாக அந்த மரபணு இயங்கலாம் என்று பொருள். 27ஆவது லைசினில் ஏறினால் அடக்கு என்று பொருள். பொலிகோம் புரதங்கள்தான் இந்தக் குறியை இடுகின்றன. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டும், உறுப்புகளை உருவாக்கும் முக்கிய மரபணுக்கள் பலவற்றின் தொடக்கத்தில் ஒன்றாகவே இருப்பதை 2006இல் எலியின் முளைய மூலக்கலங்களில் கண்டார்கள்.

அதெப்படி முடியும்? ஒரு கட்டில் எச்3 இரண்டு இருக்கிறது, ஆகவே வாலும் இரண்டு. 4ஆவது குறி ஏறிய வாலில் பொலிகோம் தன் குறியை எளிதில் இட முடியாது, அதனால் பக்கத்து வாலில் இடுகிறது. இப்படி ஒரு வால் "இயங்கு" என்கிறது, மற்றது "பொறு" என்கிறது. 2012இல் இது தெளிவானது. மரபணு வாய் திறக்காது, ஆனால் அடைபட்டும் போகாது. நரம்புக் கலமாகும் சமிக்ஞை வந்ததும் நரம்பு மரபணுக்களில் 27ஆவது குறி அழிகிறது. வேண்டாத பல மரபணுக்களில் 4ஆவது குறி போய்விடுகிறது. பொலிகோமை நீக்கினால் எலி மூலக்கலங்கள் பெருகத்தான் செய்கின்றன, ஆனால் வேறு கலமாக மாறும்போது தடுமாறுகின்றன.

அப்புறம், திரும்பிப் போகலாமா? 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாக்கா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் தோல் கலத்தை மூலக்கல நிலைக்குக் கொண்டுபோனார். நூற்றில் ஒன்றுகூட அப்படி மாறவில்லை. இறுகிய குரோமற்றின் விட்டுக்கொடுக்காததும் அதற்கு ஒரு காரணம். 2008இல் வல்ப்ரோயிக் அமிலம் சேர்த்தபோது மாறிய கலங்கள் பல மடங்கு கூடின. குரோமற்றினைத் தளர்த்தும் இந்த மருந்து, கிளினிக்கில் வலிப்புக்குத் தரும் அதே மருந்துதான். வலிப்பு வந்த பிள்ளைக்குப் பேய் பிடித்ததென்று நூல் கட்டி நாட்களைக் கடத்துபவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து பிள்ளையை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.