அந்தக் கடற்கரைக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்

வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்ட் கடற்கரையில் இந்தப் பருவத்திலும் அதேதான் நடந்தது. கடலில் ஆளின்றி மிதக்கும் மீன்வலையான பேய்வலையில் சிக்கிக் கரை ஒதுங்கிய பங்குனி ஆமை ஒன்றை, கூடாரமடிக்க வந்தவர்கள் வலையை அறுத்துவிட்டுக் கடலில் தள்ளியிருக்கிறார்கள். அனுமதிச் சீட்டு வாங்கவில்லை. அந்தக் கரையைக் காக்கும் ரேஞ்சர்களுக்குத் தகவலும் சொல்லவில்லை. மறுநாள் ஆமை செத்துக் கிடந்தது. ஆமைகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு இன்னும் இது பழகவில்லை.

கேட்டால், "ஆளில்லாத கடற்கரைதானே, யாரைக் கேட்க வேண்டும்?" என்கிறார்கள்.

ஆர்னம் லேண்ட் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூர்வகுடி மக்களின் நிலம். 'மணல்மேடு அவர்களுடையது, அலை நனைக்கும் இடம் பொது' என்று இன்னமும் வாதிடுகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். அந்த வாதம் நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போய், 2008-இல் புளூ மட் பே வழக்கில் தோற்றது. ஆர்னம் லேண்ட் அடங்கிய வடக்குப் பிரதேசத்தின் கடற்கரையில் சுமார் 80 விழுக்காட்டில், நீர் வற்றும் எல்லை வரை நிலம் பூர்வகுடியினருடையது. ஓதம் ஏறி அந்த நிலம் மூழ்கிக் கிடக்கும்போதும் பிறரைத் தடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. படகில் வந்தாலும் இதுதான் கணக்கு.

பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவின் சுரங்கத்துக்காக எழுந்த நுலுன்பாய் நகரத்திலிருந்து பொழுதுபோக்க வந்தவர்களால் கடற்கரைகள் சீரழிவதைப் பார்த்துத்தான் அங்குள்ள பூர்வகுடியினரான யோல்ஙு மக்களின் மூத்தோர் 1992-இல் நிலத்தையும் கடலையும் பராமரிக்கும் திமுரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் ரேஞ்சர்களைக் குப்பை பொறுக்குகிறவர்களாகப் பார்க்காதீர்கள். தங்கள் முன்னோரின் கடலை அவர்கள் காக்கிறார்கள்.

அனுமதிச் சீட்டு வாங்குங்கள். அப்போதே ரேஞ்சர்களின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய கடற்கரை என்றால் மூடியதுதான். காரணம் சடங்காக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம். உங்களுக்கு விளக்கும் கடமை அவர்களுக்கு இல்லை. ஆமை முட்டையிடும் மணலில் வண்டி ஓட்டாதீர்கள். டயர்த் தடத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேராது.

சிக்கிய ஆமையைக் கண்டால் முதலில் ரேஞ்சர்களை அழையுங்கள். கடலில் தள்ளாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆமையும் காற்றைத்தான் சுவாசிக்கிறது; சோர்ந்துபோன ஆமை தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிச் சாகும். நிழல் கொடுங்கள். ஓட்டின்மேல் ஈரத்துணி போடுங்கள், மூக்கை மூடாதீர்கள். முதலைகள் உலவும் கரை, ஆகவே நீரோரம் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

வலையை எரிக்கவும் வேண்டாம். அரபுராக் கடலிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் மிதந்து வரும் இவற்றின் கண்ணி அளவையும் கயிற்றையும் ரேஞ்சர்கள் பதிவு செய்கிறார்கள். எந்த மீன்பிடிப்பிலிருந்து வந்தது என்பதை அதைக்கொண்டுதான் கண்டறிய வேண்டும்.